பிரிட்டனில் தேசிய அடையாள அட்டையும் கன்சர்வேட்டிவ் கட்சியும்

பிரிட்டனில் தேசிய அடையாள அட்டை போர்க்காலத்துக்கு வெளியே வேரூன்றியதில்லை. இரு உலகப் போர்களின்போது வந்த அட்டைகள் பின்னர் விலக்கப்பட்டன. 2006-இல் சட்டமான திட்டம் 2010-இல் நீக்கப்பட்டது. அட்டையை இருமுறை ஒழித்த பெருமை கன்சர்வேட்டிவ் கட்சிக்கு உண்டு. இடையில் அதை ஆதரித்தபோதெல்லாம் அக்கட்சி தன் சொந்த ஆதரவாளர்களின் எதிர்ப்பைச் சந்தித்தது.

போர்க்கால அட்டை

1939-ஆம் ஆண்டின் தேசியப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் அட்டை வழங்கியது. படைக்கு ஆள் சேர்ப்பு, உணவுப் பங்கீடு, மக்கள்தொகைக் கணக்கு ஆகியவையே அதன் நோக்கங்கள். போர் முடிந்தும் அட்டை நீடித்தது. வேறு பல அலுவல்களுக்கும் அதைக் கேட்கும் வழக்கம் பரவியது. 1950 டிசம்பரில் லண்டனின் ஃபின்ச்லி பகுதியில் காரை நிறுத்திய காவலரிடம் அட்டையைக் காட்ட கிளாரன்ஸ் வில்காக் மறுத்தார். அவர் லிபரல் கட்சிக்காரர். 1951-இல் உயர் நீதிமன்றம் அவர் குற்றவாளி என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. ஆனால் போருக்கென இயற்றிய சட்டத்தை அன்றாடக் காவல் பணிக்குப் பயன்படுத்துவதைத் தலைமை நீதிபதி காடர்ட் பிரபு கண்டித்தார். 1952 பிப்ரவரியில் சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் அரசு அட்டையை ஒழித்தது. சட்டத்துக்கு அடங்கி நடப்பவன் தன்னை யாரென்று நிறுவ வேண்டியதில்லை என்ற எண்ணம் அக்கட்சியினர் பலரிடம் கொள்கையாகவே ஊன்றியது.

கட்சிக்குள் பிளவு

1995-இல் ஜான் மேஜர் அரசின் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹாவர்ட் அட்டைத் திட்டத்தை மீண்டும் முன்வைத்தார். சொந்தக் கட்சிக்குள் கருத்து பிளவுபட்டது, திட்டம் நிறைவேறவில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப்பின் டோனி பிளேரின் தொழிற்கட்சி அரசு அதைக் கையில் எடுத்தது.

2004 டிசம்பரில், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஹாவர்ட் அரசின் மசோதாவை ஆதரிக்க முடிவு செய்தார். பாதுகாப்பில் மென்மையானவர்கள் என்ற பழிக்குக் கட்சி அஞ்சியது. இரண்டாம் வாசிப்பில் மசோதா 385-க்கு 93 என்ற கணக்கில் வென்றது. கன்சர்வேட்டிவ் உறுப்பினர் சிலர் எதிர்த்து வாக்களித்தனர். பலர் அவைக்கே வரவில்லை. அட்டையைக் காட்டச் சொன்னால் மென்று விழுங்குவேன் என்று அப்போதைய எம்.பி. போரிஸ் ஜான்சன் எழுதினார். மரபான வாக்காளர்களில் ஒரு பகுதியினர் இனி இக்கட்சிக்கு வாக்கில்லை என்றனர். அவர்களை உறுத்தியது அட்டை மட்டுமன்று. ஒவ்வொருவரின் விவரங்களையும் ஒரே இடத்தில் சேர்க்கும் தேசியப் பதிவேடே பெரிய அச்சமாக இருந்தது.

திருப்பமும் ஒழிப்பும்

2005 பொதுத்தேர்தலுக்குப்பின் கட்சி நிலைப்பாட்டை மாற்றியது. அவ்வாண்டு ஜூனில் மசோதாவின் பெரும்பான்மை 31 வாக்குகளாகச் சுருங்கியது. 2006-இல் அது சட்டமானது. 2007-இல் 2.5 கோடிப் பேரின் விவரங்கள் அடங்கிய குறுவட்டுகளை அரசுத் துறை ஒன்று தொலைத்தது. பதிவேட்டின் பாதுகாப்பு குறித்த ஐயம் வலுத்தது.

2008 ஜூனில் கன்சர்வேட்டிவ் கட்சியின் நிழல் உள்துறை அமைச்சர் டேவிட் டேவிஸ் பதவியையும் எம்.பி. இடத்தையும் துறந்தார். குற்றம் சாட்டாமலேயே 42 நாள் காவலில் வைக்கும் திட்டம் உடனடிக் காரணம். அடையாள அட்டையையும் அவர் சுட்டிக்காட்டினார். தொழிற்கட்சியும் லிபரல் டெமாக்ரட்டுகளும் ஒதுங்கிய இடைத்தேர்தலில் அவர் சுமார் 72 விழுக்காடு வாக்குகளுடன் திரும்பினார். 2010-இல் கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமையில் அமைந்த கூட்டணி அரசு அட்டையை நீக்கிச் சட்டம் இயற்றியது. 2011 பிப்ரவரியில் பதிவேடு அழிக்கப்பட்டது.

பிற்காலம்

இத்தகைய எதிர்ப்பு பிறகும் தொடர்ந்தது. 2021 டிசம்பரில் கோவிட் சான்றிதழைச் சில இடங்களில் கட்டாயமாக்கிய, பிரதமராகிவிட்ட ஜான்சனின் அரசை அதன் சொந்த எம்.பி.க்கள் ஏறத்தாழ 100 பேர் எதிர்த்தனர். 2025 செப்டம்பரில் பிரதமர் கியர் ஸ்டார்மர் டிஜிட்டல் அடையாளத் திட்டத்தை அறிவித்தபோது, எதிர்ப்பு மனுவில் 25 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர். கன்சர்வேட்டிவ் கட்சியும் எதிர்த்தது.

மதிப்பீடு

சட்டம் ஒழுங்கும் தனிமனித உரிமையும் கன்சர்வேட்டிவ் மரபின் இரு தூண்கள். அடையாள அட்டை அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. தலைமை முதலாவதைத் தேர்ந்தபோது, இரண்டாவதற்காகக் கட்சியையே துறக்கத் துணிந்தவர்கள் இருந்தார்கள். ஒரு கட்சியின் கொள்கையை அதன் தலைமை மறந்தாலும் ஆதரவாளர்கள் காக்க முடியும் என்பதற்கு இது உறுதியான சான்று.