ஜாவா மொழியிற் கோப்புப் படியாக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

கோப்பொன்றைப் படியெடுத்தல் கணனியைப் பயன்படுத்துவோர் நாள்தோறும் மேற்கொள்ளும் எளிய செயலாகும். ஆயினும், பொருள்நோக்கு நிரலாக்க மொழிகளுட் பெருவழக்குப் பெற்ற ஜாவாவின் நியம நூலகத்தில், அம்மொழி வெளியான 1996ஆம் ஆண்டு முதல் 2011ஆம் ஆண்டு வரை, அச்செயலுக்கெனத் தனியொரு செய்முறை இடம்பெறவில்லை. பதினைந்தாண்டுக்கால இவ்வெற்றிடத்தை வெறும் மறதியென்று கொள்ளுதல் பொருந்தாது. படி என்பது யாது, மூலத்தின் எவ்வியல்புகள் படியிலும் நிலைபெற வேண்டும் என்னும் வினாக்கள் அதனுட் பொதிந்துள்ளன.

இதன் வேரை யுனிக்ஸ் மரபிற் காணலாம். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் உருவான அப்பணிசெயல் முறைமையின் கருவிலே திறத்தல், வாசித்தல், எழுதுதல், மூடுதல் என்பனவே அடிப்படைச் செயல்களாயிருந்தன. அவற்றை இணைத்தெழுதிய சிறு நிரலொன்றே படியெடுத்தலைச் செய்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் முதலியோர் ஆக்கிய ஜாவாவிலும் இப்போக்கே காணப்பட்டது. அதன் ‘ஃபைல்’ என்னும் வகுப்பு கோப்பின் உள்ளடக்கத்தையன்றி, அதன் பெயரையும் பாதையையுமே குறித்தது. எனவே நிரலாளர் மூலத்துக்கு உள்ளீட்டு ஓடையொன்றையும் படிக்கு வெளியீட்டு ஓடையொன்றையும் திறந்து, பைட்டுகளைச் சிறுசிறு தொகுதிகளாக வாசித்தெழுதி, ஈற்றில் இரண்டையும் தாமே மூட வேண்டியிருந்தது.

இவ்வழக்கத்தால் விளைந்த இடர்கள் பல. வெளியீட்டு ஓடை வழமையான முறையில் திறக்கப்பட்டதும் அப்பெயரிலுள்ள பழைய கோப்பு வெறுமையாகிவிடும். மூலமும் படியும் ஒரே கோப்பாயின், ஒரு பைட்டேனும் வாசிக்கப்படுமுன் மூலமே அழியும். 1997இல் 1.1ஆம் பதிப்புடன் எழுத்துக்களைக் கையாளும் வகுப்புகள் வந்தபின் பிறிதோர் இடரும் சேர்ந்தது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். அதனை ஆஸ்கியென்று கருதி வாசித்து அவ்வாறே எழுதும் நிரல், தமிழ்ப் பனுவல் முழுவதையும் மீட்கவியலாத வினாக்குறிகளாக்கிவிடும். படியெடுத்தோன் பிழையை உணராது மூலத்தை நீக்கிவிடின் இழப்பு நிரந்தரமாகும்.

2002இல் வெளிவந்த 1.4ஆம் பதிப்பு, தரவைப் பணிசெயல் முறைமையைக் கொண்டே இடம்மாற்றத்தக்க வாய்க்கால்களை அறிமுகஞ் செய்தது. வேகம் கூடிற்று, பொறுப்பு நிரலாளரிடமே எஞ்சியது. அதே ஆண்டில் வெளியான மைக்ரோசொஃப்ற்றின் டொட் நெற் நூலகத்திலோ படியெடுக்குஞ் செய்முறை தொடக்கத்திலேயே இருந்தது. வின்டோஸ் முறைமை அச்செயலை முன்னரே வழங்கியிருந்தமை அதற்குத் துணையாயிற்று. பல முறைமைகளுக்கும் பொதுவாக அமைய விழைந்த ஜாவாவுக்கு அவ்வசதி வாய்க்கவில்லை. யுனிக்ஸின் அனுமதிக் குறிகளும் வின்டோஸின் அணுகல் பட்டியல்களும் ஒன்றுக்கொன்று நேரொத்தவையல்ல.

2003இல் தொடங்கிய புதிய கோப்பிடைமுகப் பணி, சன் நிறுவனம் 2010இல் ஒராக்கிள் வசமான பின்னர், 2011 யூலையில் வெளியான ஏழாம் பதிப்பில் நிறைவெய்தியது. அதிலுள்ள ‘ஃபைல்ஸ்’ வகுப்பின் படியெடுக்குஞ் செய்முறை, இலக்கில் வேறு கோப்பு இருப்பின் அதனை அழிக்காது பிழையறிவிக்கும். மேலெழுதுதலை நிரலாளர் வெளிப்படையாகக் கோரல் வேண்டும். காலக்குறி முதலிய பண்புகளைப் பேணுமாறும் கோரலாம். முறைமை இடந்தருமளவுக்கே அவை பேணப்படும். கோப்புறையொன்றைப் படியெடுப்பின், உள்ளிருப்பவை நீங்கலாக வெற்றுக் கோப்புறையே தோன்றும்.

ஆகவே, 2011ஆம் ஆண்டின் மாற்றம் சில வரிகளைச் சுருக்கியதோடு அமையவில்லை. மௌனமாக நிகழ்ந்த அழிவுகளை அது அறிவிக்கப்படும் பிழைகளாக்கியது. எதனைப் பேணுவது, எதனை விடுப்பது என்னுந் தீர்மானத்தை நிரலாளரின் வெளிப்படையான கூற்றாகவும் ஆக்கியது. அம்மொழியின் படியாக்க வரலாற்றில் இதுவே தலையாய பேறு எனலாம்.