பக்கிங்காம் கால்வாயும் இருப்புப்பாதையும்

இருப்புப்பாதை வந்தமையால் பக்கிங்காம் கால்வாய் அழிந்தது என்பார் உளர். அக்கூற்றுத் தென்சென்னைக்குப் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

1806இல் எண்ணூர் வரை முடிந்த முதற்பகுதி, பேசில் காக்ரேன் என்னும் ஒப்பந்தக்காரர் சுங்கம் தண்டும் உரிமை பெற்று வெட்டியது. 1837இல் அரசு அதனை ஏற்றது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 5 மைல் பகுதியோ 1877–78ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தோர் தோண்டியது. தோண்டினோர் பெயர் நில்லாது, ஆளுநர் பெயரே நின்றது.

அவ்வெழுபதுகளிலேயே தென்னிந்திய இருப்புப்பாதை தாம்பரம் வழியே தெற்கு நோக்கிச் சென்றது. எனினும் இரண்டும் ஒரே நிலத்தின் சரக்கை நாடவில்லை. இருப்புப்பாதை பல்லாவரம், தாம்பரம், செங்கற்பட்டு என உள்நாடு பற்றிச் சென்றது. கால்வாய் கோவளம், மரக்காணம் எனக் கடலோரம் கிடந்தது. படகேறிய உப்பும் விறகும் விரைவை வேண்டுவன அல்ல. கூலிக் குறைவையே வேண்டுவன. நேர்ப்போட்டி வடபாலில்தான் எழுந்தது: 1899இல் விசயவாடைப் பாதை முடிந்து, நெல்லூர் வழியே கால்வாய்க்கு இணையாக ஓடலாயிற்று.

தெற்கே கால்வாயைக் கெடுத்தவை மணல் தூர்வும், 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்களும், நகரக் கழிவுநீருமே எனலாம். ஆங்கு இருப்புப்பாதை கால்வாயைத் தேடி வந்தது அவற்றிற்குப் பின்னரே. 1995இல் ஓடத் தொடங்கிய பறக்கும் தொடர்வண்டிக்குத் தூண்கள் கால்வாயினுள்ளேயே நடப்பெற்றன.