அடுப்பை மாற்ற ஒரு மானியம்

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கருவியை மாற்ற அரசு மானியம் தருகிறது. நம்மூரில் மாற்றச் சொன்னது அடுப்பை!

1983-ல் மத்திய அரசு புகையில்லா விறகு அடுப்புக்கு மானியம் கொடுத்தது; 2002-ல் அந்தத் திட்டம் முடிந்தது. 2007-ல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. 2016-ல் வந்தது உஜ்வாலா, இணைப்புக்கு 1,600 ரூபாய்.

வணிகவியலில் சொன்னால், இதெல்லாம் மூலதனச் செலவு. சிலிண்டரோ நடைமுறைச் செலவு. உஜ்வாலாவில் அடுப்பைக் கடனில் வாங்கியவர்களுக்கு, சிலிண்டர் மானியமே அந்தக் கடனுக்குக் கழிந்தது. ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி விறகு இருக்க, முழு விலை கொடுத்து யார் சிலிண்டர் வாங்குவார்?

2022-ல் உஜ்வாலா வீடுகளுக்கு சிலிண்டருக்கு 200 ரூபாய், 2023-ல் 300 ரூபாய் என்று மானியம் வந்தது. அடுப்பைக் கொடுத்தால் போதாது, எரிப்பதற்கும் கொடுக்க வேண்டும் என்று புரிய இத்தனை வருடம்!