பைனல் பேன்டசி 14

பைனல் பேன்டசி 14 என்பது ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் உருவாக்கி நடத்திவரும் இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டு ஆகும். 2010 செப்டம்பர் 30 அன்று விண்டோஸ் இயங்குதளத்திற்கு வெளியான இதன் முதற்பதிப்பு பெருந்தோல்வி அடைந்தது. 2012 நவம்பர் 11 அன்று அப்பதிப்பு மூடப்பட்டது. அடியிலிருந்து மீண்டும் எழுதப்பட்ட பதிப்பு 'எ ரெல்ம் ரீபார்ன்' என்னும் துணைப்பெயருடன் 2013 ஆகஸ்ட் 27 அன்று வெளியானது. இன்று இவ்வகை விளையாட்டுகளுள் உலகில் பெருமளவில் ஆடப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று. புதிய இணைய விளையாட்டு ஒன்றை எத்தனை நாள் பொறுத்துப் பார்ப்பது, எப்போது கைவிடுவது என்னும் பேச்சு எழும்போதெல்லாம் இதன் வரலாறே முதலில் எடுத்துக்காட்டப்படுகிறது.

விளையாட்டின் தன்மை

பாத்திரமேற்பு விளையாட்டில் பயனர் ஒரு கற்பனை மாந்தரை உருவாக்கி, அம்மாந்தராகவே கதை உலகில் நடமாடுகிறார். இணையவழி வகையில் ஆயிரக்கணக்கான பயனர்கள் ஒரே உலகை ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்கின்றனர். திருத்தணி, திருவள்ளூர், காஞ்சிபுரம் வட்டாரங்களிலும் எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பகுதியிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரதக் கூத்தை அறிந்தவர்களுக்கு வேடம் ஏற்பது புதிதன்று. கூத்தில் வேடம் கட்டுபவர் சிலர், பார்ப்பவர் பலர். இங்கோ வந்தவர் அனைவருமே வேடதாரிகள். பார்வையாளர் இல்லாத கூத்து என்று இதனைச் சொல்லலாம்.

இவ்வகையின் மூதாதை 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதிய, வெறும் எழுத்துகளால் ஆன 'மட்' என்னும் நிரலாகும். படவடிவில் இதனைப் பெருந்திரளிடம் கொண்டு சென்றவற்றுள் அல்டிமா ஆன்லைன் (1997), எவர்க்வெஸ்ட் (1999), வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட் (2004) ஆகியவை முக்கியமானவை. ஸ்கொயர் நிறுவனமும் 2002 இல் பைனல் பேன்டசி 11 மூலம் இத்துறையில் இறங்கி வெற்றி கண்டிருந்தது.

பைனல் பேன்டசி 14 இன் கதை ஐடெலின் என்னும் கோளில் உள்ள இயோர்சியா நாட்டில் நிகழ்கிறது. லிம்சா லொமின்சா என்னும் துறைமுக நகர், கிரிடானியா என்னும் வன நகர், உல்டா என்னும் பாலைவன வணிக நகர் ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்து பயனர் தொடங்குகிறார். போர்த்தொழில்களேயன்றி மீன்பிடித்தல், சுரங்கவேலை, தச்சு, தையல், சமையல் முதலிய தொழில்களையும் ஒரே மாந்தர் கற்றுக்கொள்ள இயலும்.

முதற்பதிப்பும் அதன் தோல்வியும்

2009 சூனில் அறிவிக்கப்பட்டபோது இதன் ஓவியத் தரம் பெரிதும் பேசப்பட்டது. வெளியான பின்னரும் படங்களை எவரும் குறை கூறவில்லை. குறை பிற இடங்களில் இருந்தது. பட்டி ஒன்றைத் திறப்பது, பொருள் ஒன்றை நகர்த்துவது போன்ற சிறு செயல்களுக்குக்கூட வழங்கியின் (சர்வரின்) மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே பாறையும் ஒரே பள்ளத்தாக்கும் வரைபடம் எங்கும் படியெடுத்து ஒட்டப்பட்டிருந்தன. பொருள்களைத் தேடி வாங்கச் சந்தைப் பட்டியல் இல்லை. பயனர்கள் நிறுத்திவைத்த விற்பனைப் பணியாளர்களை ஒவ்வொருவராக அணுகிக் கடைகடையாக ஏறி இறங்கவேண்டியிருந்தது. வாரத்தில் ஒரு தொழிலில் எட்டு மணி நேர அளவு கடந்தால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் படிப்படியாகக் குறைந்து, பின்னர் முற்றிலும் நின்றுபோகும் 'களைப்பு' முறையும் பலரை எரிச்சலூட்டியது.

பின்னாளில் பொறுப்பேற்ற நவோகி யோசிதா, 2014 இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ஆற்றிய உரையில் தோல்விக்கு மூன்று காரணங்களைக் கூறினார். முதலாவது, படத்தரத்தின் மீதான அளவுகடந்த பற்று. இரண்டாவது, அக்காலத்தில் வெளிவந்திருந்த பிற இணைய விளையாட்டுகளைக் குழுவினர் ஆடிப் பார்த்திராமை. மூன்றாவது, எந்தக் குறையையும் வெளியிட்ட பின் இற்றைப்படுத்திச் சரிசெய்துகொள்ளலாம் என்னும் எண்ணம். முதற் காரணத்திற்கு அவர் தந்த எடுத்துக்காட்டு பிற்பாடு புகழ்பெற்றது: ஒரு பூந்தொட்டியை வரையப் பயன்பட்ட பல்கோணங்களின் எண்ணிக்கை, ஒரு பயனர் மாந்தரை வரையப் பயன்பட்டதற்கு இணையாக இருந்ததாம். திரையில் ஒரே நேரத்தில் எத்தனை மாந்தரைக் காட்டமுடியும் என்பதைத் தொட்டிகள் தீர்மானித்தன. மூன்றாவது காரணமோ மென்பொருள் துறையில் இருப்போர் எவருக்கும் அயலானதன்று.

2010 டிசம்பரில் நிறுவனத் தலைவர் யோயிசி வாடா வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தயாரிப்பாளர் இரோமிசி தனாகா பதவி விலகினார். அதுவரை டிராகன் குவெஸ்ட் 10 குழுவில் இருந்த யோசிதா அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். மாதச் சந்தா வசூலிப்பது நிறுத்திவைக்கப்பட்டு, 2012 சனவரியில்தான் தொடங்கியது. ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் ஒரு வணிக விளையாட்டு கட்டணமின்றி நடந்தது என்பது கவனிக்கத்தக்கது.

மறுபிறப்பு

யோசிதாவின் முன் இரண்டு வழிகள் இருந்தன: இருப்பதைச் சிறுகச் சிறுகச் செப்பனிடுவது, அல்லது மூடிவிட்டுப் புதிதாக எழுதுவது. அவர் இரண்டையும் ஒருசேரச் செய்தார். ஒரு குழு பழைய விளையாட்டைத் தொடர்ந்து இற்றைப்படுத்தி வந்தது. மற்றொரு குழு புதிய இயக்கப்பொறி, புதிய வரைபடங்கள், புதிய வழங்கி அமைப்பு ஆகியவற்றை எழுதத் தொடங்கியது. இத்திட்டம் 2011 அக்டோபரில் வெளியிடப்பட்டது. மூடப்படப்போகும் ஒரு வீட்டிற்கு எதற்கு வெள்ளையடிப்பு என்று கேட்கலாம். அவ்வீட்டில் அப்போதும் ஆட்கள் குடியிருந்தனர் என்பதே விடை. இணைய விளையாட்டில் ஆட்கள் வெளியேறிவிட்டால் திரும்ப அழைப்பது மிகக் கடினம். குழுவாக ஆடவேண்டிய இடங்களில் துணைக்கு ஆள் கிடைக்காமல் எஞ்சியவர்களும் போய்விடுவர்.

பழைய உலகை மூடுவதும் கதையின் பகுதியாக்கப்பட்டது. வானில் தெரிந்த தாலமுட் என்னும் செந்நிலவு மாதந்தோறும் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பர் 11 அன்று வழங்கிகள் நின்றபோது, நிலவு உடைந்து அதனுள்ளிருந்து பகாமுட் என்னும் பெருநாகம் வெளிப்பட்டு நாட்டை எரிக்கும் அசைபடம் காட்டப்பட்டது. நொபுவோ வெமாட்சு இசையமைத்த பாடல் அதற்குப் பின்னணி. புதிய பதிப்பின் கதை அவ்வழிவுக்கு ஐந்தாண்டுகளுக்குப் பின் தொடங்குகிறது. பழைய பயனர்களின் மாந்தர்கள் அழிக்கப்படாமல் புதிய உலகிற்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களது பெயர்கள் நிறைவுப் பட்டியலில் இடம்பெற்றன.

இம்முயற்சியில் பொறுத்திருந்தவர்களும் குறைகூறியவர்களும் இரு அணியினர் அல்லர் என்பதை இங்கு குறிப்பிடவேண்டும். தங்கி ஆடியவர்களே மிகக் கடுமையான குறைப்பட்டியல்களையும் தந்தனர். நிறுவனமும் அக்குறைகளை மறுக்காமல் ஒப்புக்கொண்டது. 'எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும்' என்று அனைவரும் பாராட்டியிருந்தால் களைப்பு முறையும் கடைகடையாக ஏறி இறங்கும் சந்தையும் இன்றும் இருந்திருக்கக்கூடும்.

இரண்டாவது தொடக்கத்திலும் இடர் இல்லாமல் இல்லை. 2013 ஆகஸ்டில் வந்த கூட்டத்தை வழங்கிகள் தாங்கவில்லை. உள்நுழைய முயன்றவர்களுக்கு 1017 என்னும் பிழை எண்ணே திரும்பத் திரும்பக் கிடைத்தது. இணையவழி விற்பனையைச் சில நாள் நிறுத்தவேண்டியதாயிற்று. ஆனால் இவ்விரு தொடக்கங்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது. 2010 இல் உள்ளே சென்றவர்கள் வெளியேறிக்கொண்டிருந்தனர். 2013 இல் வெளியே நின்றவர்கள் உள்ளே வர முட்டிக்கொண்டிருந்தனர். நெரிசலை வழங்கிகளைச் சேர்த்துத் தீர்க்கலாம். முதல் வாரத்தில் எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை.

விரிவாக்கங்கள்

ஹெவன்ஸ்வர்ட் (2015), ஸ்டார்ம்பிளட் (2017), ஷேடோபிரிங்கர்ஸ் (2019), எண்ட்வாக்கர் (2021), டான்டிரெயில் (2024) என ஐந்து விரிவாக்கப் பொதிகள் வெளிவந்துள்ளன. எண்ட்வாக்கர் வெளியான 2021 டிசம்பரில் நெரிசல் மிகுந்து, நிறுவனம் தன் விளையாட்டைத் தானே விற்காமல் நிறுத்தியது. விற்பனை 2022 சனவரி இறுதியில்தான் மீண்டும் தொடங்கியது. டான்டிரெயிலின் கதை முந்தையவற்றைப் போல் வரவேற்கப்படவில்லை; பயனர் மதிப்புரைகள் இருவேறாகப் பிரிந்தன.

பிற விளையாட்டுகளுடன் ஒப்பீடு

பைனல் பேன்டசி 14 மீண்டதைக் காட்டி எல்லா விளையாட்டும் மீளும் என்று கொள்வது தவறு. மீண்டவை நினைவில் நிற்கின்றன, மூடப்பட்டவை மறக்கப்படுகின்றன.

2001 சூனில் வெளியான நார்வே நாட்டு அனார்க்கி ஆன்லைன், இத்துறையின் மிக மோசமான தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆயினும் அது இருபது ஆண்டுகளைக் கடந்தும் நடந்தது. 2014 ஏப்ரலில் மந்தமான வரவேற்பைப் பெற்ற எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன், 2015 மார்ச்சில் கட்டாயச் சந்தாவைக் கைவிட்டபின் வளர்ந்தது. அதே 2014 இல் நல்ல மதிப்புரைகளுடன் தொடங்கிய வைல்ட்ஸ்டார் 2018 நவம்பரில் மூடப்பட்டது. அமேசானின் நியூ வேர்ல்ட் 2021 செப்டம்பரில் வெளியானபோது ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஆடினர். 2025 அக்டோபரில் அதற்குப் புதிய உள்ளடக்கம் எதுவும் வராது என்று அறிவிக்கப்பட்டது. ஆக, முதல் மாதத்துக் கூட்டமும் முதல் மாதத்து வசவும் ஒரு விளையாட்டின் ஆயுளைச் சொல்வதில்லை. மாறாக, அறியப்பட்ட குறைகள் அடுத்தடுத்த இற்றைகளில் நீங்குகின்றனவா என்பது ஓரளவு சொல்லும். அதனைக் காண மூன்று நான்கு மாதங்களாவது ஆகும்.

ஐயப்படுவோரின் பக்கத்திலும் வலுவான நியாயம் உண்டு. வாங்கிய நூல் பதிப்பகம் மூடப்பட்டாலும் அலமாரியில் இருக்கும். இணைய விளையாட்டில் வழங்கி நின்றால் ஆண்டுக்கணக்கில் வளர்த்த மாந்தரும், அங்கு கிடைத்த நட்புவட்டமும், செலவிட்ட பணமும் ஒருசேர மறைந்துவிடும். இந்தியப் பயனர்களுக்கு இது கேள்விப்பட்ட செய்தி மட்டுமன்று. 2000களின் நடுவில் லெவல் அப் நிறுவனம் கொரியாவின் ராக்னராக் ஆன்லைன் விளையாட்டை இந்தியாவில் தனி வழங்கிகளுடன் நடத்தியது. பிரவுசிங் சென்டர்களில் அதனை ஆடியவர்கள் உண்டு. அச்சேவை இப்போது இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து ஆடுதல்

இவ்விளையாட்டின் வழங்கிகள் ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா ஆகிய இடங்களில் உள்ளன; இந்தியாவில் இல்லை. ஒளியிழையில் தகவல் ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும். திருத்தணியிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குச் செல்ல அரை மில்லி விநாடிகூட ஆகாது; எனவே சிறுநகரில் இருப்பதால் சுணக்கம் கூடும் என்னும் பரவலான எண்ணம் ஒளியிழை இணைப்பைப் பொறுத்தவரை சரியன்று. தொலைவு கூடுவது கடலில்தான். சென்னையிலிருந்து தோக்கியோ நேர்க்கோட்டிலேயே 6,400 கிலோமீட்டர் அளவில் உள்ளது. 2002 இல் அமைந்த சென்னை–சிங்கப்பூர் வடம் போன்ற கடலடி வடங்கள் வழியே சுற்றிச் சென்று திரும்பும்போது நூறு மில்லி விநாடியைத் தாண்டுவது இயல்பு. துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளில் இது பெரும் இடர். இவ்விளையாட்டிலோ பெரும்பாலான தாக்குதல்களுக்கு இடையே 2.5 விநாடி இடைவெளி வைக்கப்பட்டிருப்பதால், தொடக்கநிலைப் பயனர் அவ்வளவாக உணரமாட்டார்.

மொழி மற்றொரு தடை. இடைமுகமும் உரையாடல்களும் ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன் மொழிகளில் உள்ளன. சீன, கொரிய மொழிப் பதிப்புகள் தனியே நடத்தப்படுகின்றன. தமிழில் இல்லை. கதை உரையாடல்கள் மிகுந்த விளையாட்டு என்பதால், ஆங்கிலம் சரளமாகப் படிக்காதவருக்கு இதன் சிறப்பில் பாதி எட்டாது.

மூன்றாவது தடை வீட்டில் உள்ளது. இணைய ரம்மியில் பணமிழந்தோரின் தற்கொலைச் செய்திகளுக்குப் பின், தமிழ்நாட்டில் 'ஆன்லைன் கேம்' என்னும் சொல்லே அச்சமூட்டுவதாகிவிட்டது. மாநிலத்தின் இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் இணையவழி விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஒன்றிய அரசின் சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடைசெய்கிறது; பந்தயமின்றி, சந்தா மட்டும் பெறும் விளையாட்டுகளை அது வேறு வகையாகவே பிரித்துக் காண்கிறது. பைனல் பேன்டசி 14 இல் கோல்டு சாசர் என்னும் கேளிக்கைக் கூடம் உண்டெனினும், அங்கு புழங்கும் புள்ளிகளைப் பணமாக மாற்ற வழியில்லை. விளையாட்டுப் பொருள்களை உண்மைப் பணத்திற்கு விற்பதை நிறுவனத்தின் விதிகள் தடைசெய்கின்றன. பெற்றோரின் அச்சத்தில் பொருந்தாத பகுதி இது. பொருந்தும் பகுதி நேரம்: முதன்மைக் கதையை மட்டும் முடிக்கவே நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆகும். பொதுத்தேர்வு ஆண்டில் தொடங்குவதற்கு ஏற்றதன்று.

ஐயமுடையோர் பணம் செலவிடாமல் ஆடிப் பார்க்க, கால வரையறை இல்லாத இலவச முன்னோட்டப் பதிப்பு உள்ளது. 2020 இல் ஹெவன்ஸ்வர்ட் வரையும், 2023 அக்டோபரில் ஸ்டார்ம்பிளட் வரையும் இது விரிவாக்கப்பட்டது. 70ஆம் நிலை வரை ஆடலாம். முன்னோட்டக் கணக்கில் சந்தையில் வாங்கவோ விற்கவோ இயலாது. விளையாட்டு நாணயமான கில் 300,000க்கு மேல் சேர்க்க முடியாது. பிறருக்குத் தனிச்செய்தியைத் தாமாக அனுப்பவும் முடியாது. முழுப் பதிப்பை ஒருமுறை வாங்கிப் பதிவுசெய்த கணக்கை மீண்டும் முன்னோட்டக் கணக்காக மாற்ற இயலாது என்பதால், வாங்குவதற்கு முன் முன்னோட்டத்தை முடித்துவிடுவது நல்லது.