120 பவுண்டு விடுதலை

அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்களை நியூபோர்ட் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் போர்ட்ஸ்மத் என்ற ஊரில் ஒரு நினைவிடம் இருந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட கறுப்பு வீரர்களுக்காக எழுப்பியது. எல்லோரும் இறங்கிப் பார்த்தோம். காரில் திரும்ப ஏறும்போது என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அடிமையா வச்சிருந்தவங்களுக்காக இவங்க எதுக்குச் சண்டைக்குப் போனாங்க?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. மகள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் சில வாரங்கள் உட்கார்ந்து படித்த பிறகுதான் ஓரளவு விளங்கியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரோட் ஐலண்ட் அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம். நம் ஊரில் ஒரு சிறிய மாவட்டத்தின் அளவுதான் இருக்கும். 1636-ல் ரோஜர் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் இதைத் தொடங்கினார். பக்கத்து மாசசூசெட்ஸ் காலனி அவருடைய மதக் கருத்துகளுக்காக அவரை வெளியேற்றியிருந்தது. அதனால் மனச்சாட்சி விஷயத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது இங்கே முதல் நாளிலிருந்தே கொள்கை. 1663-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் கொடுத்த சாசனப்படி கவர்னரையும் அவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். மற்றப் பல காலனிகளுக்கு லண்டனிலிருந்து கவர்னர் வந்து இறங்கிய காலம் அது.

சுதந்திரம் பழகிய ஊர் என்றாலும், அவர்கள் பிழைப்பு நடந்தது வேறு வழியில். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து மொலாசஸ் என்கிற கழிவுப்பாகு கப்பலில் வரும். நியூபோர்ட்டிலும் பிராவிடன்ஸிலும் அதைக் காய்ச்சி ரம் வடிப்பார்கள். அந்த ரம் ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும். அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்குவார்கள். அந்த மனிதர்களைத் தீவுகளில் விற்றுவிட்டு, மறுபடியும் மொலாசஸ் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். இங்கிருந்து புறப்பட்ட கப்பல்கள் சுமார் நூறு ஆண்டுகளில் ஒரு லட்சம் பேரை இப்படிக் கடத்தியிருக்கின்றன. 1774 கணக்கெடுப்பில் இந்தக் காலனியின் மொத்த ஜனத்தொகையே சுமார் 60,000தான்.

இந்த மொலாசஸ் மீது பிரிட்டன் வரியை ஒழுங்காக வசூலிக்க ஆரம்பித்ததும் வியாபாரிகளுக்குக் கோபம் வந்தது. வரி ஏய்ப்பைப் பிடிக்க காஸ்பி என்ற அரசுக் கப்பல் வந்து அந்தக் கடலில் சுற்றியது. 1772 ஜூன் 9 அன்று ஒரு சரக்குக் கப்பலைத் துரத்திக்கொண்டு போன காஸ்பி தரைதட்டி நின்றுவிட்டது. செய்தி பிராவிடன்ஸ் நகரத்துக்குப் போனது. அன்றிரவே ஜான் பிரவுன் என்ற பெரிய வியாபாரியின் ஏற்பாட்டில் படகுகளில் ஆட்கள் போய், கப்பல் தலைவர் டடிங்ஸ்டனைச் சுட்டுக் காயப்படுத்தி, மாலுமிகளை இறக்கிவிட்டு, கப்பலைக் கொளுத்திவிட்டார்கள். பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியது இதற்கு ஒன்றரை ஆண்டு கழித்துத்தான்.

மன்னர் விசாரணைக் குழு போட்டார், பரிசும் அறிவித்தார். ஊரே வாய் திறக்கவில்லை. ஆரன் பிரிக்ஸ் என்ற கலப்பின வேலைக்கார இளைஞன் மட்டும், ஓடிப்போய் ஒரு பிரிட்டிஷ் கப்பலில் ஏறி, ஜான் பிரவுன் பெயரைச் சொன்னான். மிரட்டி வாங்கிய சாட்சி என்று சொல்லி, அவன் பேச்சை நம்ப முடியாது எனக் குழு முடித்துக்கொண்டது. வழக்கு நிற்கவில்லை. ஆனால் குற்றவாளிகளை விசாரணைக்கு இங்கிலாந்துக்குக் கொண்டுபோவோம் என்ற மிரட்டல் மற்றக் காலனிகளையும் உலுக்கியது. அவை ஒன்றோடொன்று தொடர்பு வைத்துக்கொள்ளக் குழுக்கள் அமைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

1776 மே 4 அன்று ரோட் ஐலண்ட் சட்டசபை மன்னருக்கான விசுவாசத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஜூலை 4 பிரகடனத்துக்கு இரண்டு மாதம் முந்தியது. அந்தப் பிரகடனத்தில் இந்தக் காலனிக்காகக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் ஸ்டீபன் ஹாப்கின்ஸ். அவருடைய தம்பி ஈசெக் ஹாப்கின்ஸ் புதிய நாட்டின் கடற்படைக்கு முதல் தலைமைத் தளபதி.

இந்தத் தம்பியைப் பற்றிப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். போருக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு அவர் 'சாலி' என்ற அடிமைக் கப்பலுக்குத் தலைவராகப் போயிருக்கிறார். கப்பல் பிரவுன் சகோதரர்களுடையது. 196 பேரை வாங்கினார்கள். அவர்களில் குறைந்தது 109 பேர் இறந்துபோனார்கள். கப்பலின் கணக்குப் புத்தகம் இன்னும் இருக்கிறது. ரம் எத்தனை காலன் செலவு என்று எழுதிய அதே கை, இறந்தவர்களையும் எண் போட்டு எழுதியிருக்கிறது. பெயர் கிடையாது, எண் மட்டும்.

நான் 34 வருடம் கருவூலத்தில் பில் பார்த்தவன். ஒரு கணக்கைப் பார்த்தால், எந்தத் தலைப்பில் எழுதியிருக்கிறார்கள், பணம் யார் கைக்குப் போகிறது என்றுதான் என் கண் முதலில் தேடும். ரோட் ஐலண்ட் கதையிலும் அப்படி ஒரு கணக்கு வருகிறது.

1776 டிசம்பரில் பிரிட்டிஷ் படை நியூபோர்ட்டைப் பிடித்தது. மூன்று வருடம் போல அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஊர் ஜனம் பாதியாகக் குறைந்தது. குளிருக்கு விறகு இல்லாமல் படையினர் நூற்றுக்கணக்கான வீடுகளைப் பிரித்து எரித்தார்கள். அதே சமயம் இந்தச் சின்னக் காலனி வாஷிங்டனின் பொதுப்படைக்கும் ஆள் அனுப்பியாக வேண்டும். ஆள் கிடைக்கவில்லை. 1778 ஜனவரியில், வேலி ஃபோர்ஜ் முகாமிலிருந்து ஜேம்ஸ் வார்னம் என்ற ரோட் ஐலண்ட் தளபதி வாஷிங்டனுக்கு ஒரு யோசனை எழுதினார். மிச்சமிருக்கும் இரண்டு படைப்பிரிவு ஆட்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம், மீதமாகும் அதிகாரிகள் ஊருக்குப் போய்க் கறுப்பர்களைக் கொண்டு ஒரு பிரிவு திரட்டட்டும் என்பது அந்த யோசனை. வாஷிங்டன் கடிதத்தைக் கவர்னர் நிக்கோலஸ் குக்குக்கு அனுப்பிவைத்தார்.

பிப்ரவரியில் சட்டம் வந்தது. உடல்தகுதியுள்ள கறுப்பு, கலப்பின, செவ்விந்திய அடிமை ஆண் எவரும் படையில் சேரலாம். தேர்வாகிப் பட்டியலில் பெயர் ஏறிய அந்த நிமிடமே அவன் சுதந்திர மனிதன். போர் முடியும்வரை அவன் படையில் இருக்க வேண்டும். அவனை இழக்கும் எஜமானருக்கு அரசு நஷ்ட ஈடு கொடுக்கும். ஆளைப் பார்த்து மதிப்புப் போடுவார்கள், உச்சவரம்பு 120 பவுண்டு.

பில்லில் பணம் பெறுபவர் யார் என்று பாருங்கள். விடுதலை பெறுகிறவன் ஒருவன், 120 பவுண்டு வாங்கிக்கொள்கிறவர் இன்னொருவர். அதுவரை வாங்கிய வேலைக்குக் கூலி என்ற தலைப்பே அந்தக் கணக்கில் இல்லை.

இதற்கும் எதிர்ப்பு வந்தது. சட்டசபையில் ஆறு பேர் எழுத்தில் மறுப்புத் தெரிவித்தார்கள். செலவு அதிகம், போதுமான அடிமைகள் இல்லை என்பவற்றோடு இன்னொரு காரணமும் சொன்னார்கள். தங்கள் சுதந்திரத்தைக் காக்க அடிமைகளை விலைக்கு வாங்கிப் படை அமைத்தார்கள் என்று உலகம் பேசும், அது நாம் போராடும் கொள்கைக்கே பொருந்தாது என்றார்கள். வாதம் சரிதான். ஆனால் அதிலிருந்து அவர்கள் வந்த முடிவு அடிமைகளை விடுவிக்கலாம் என்பது அல்ல, படையில் சேர்க்க வேண்டாம் என்பது. எஜமானர்களின் நெருக்குதலில் சில மாதங்களிலேயே, 1778 ஜூனோடு, அடிமைகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் நூறு பேரை ஒட்டிய அடிமைகள் அந்தக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டார்கள். ஏற்கெனவே சுதந்திரமாக இருந்த கறுப்பர்களும் செவ்விந்தியர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். இப்படி அமைந்ததுதான் முதல் ரோட் ஐலண்ட் ரெஜிமெண்ட். அதிகாரிகள் எல்லோரும் வெள்ளையர்கள், தலைவர் கர்னல் கிறிஸ்டோபர் கிரீன்.

அவர்களுக்குப் பயிற்சிக்கு அதிக நாள் கிடைக்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே நியூபோர்ட்டை மீட்கும் போர் தொடங்கியது. பிரான்ஸ் அப்போதுதான் அமெரிக்கர்களோடு சேர்ந்திருந்தது. (அந்தக் கூட்டணியால் மூண்ட பிரிட்டிஷ்-பிரெஞ்சுச் சண்டை நம் பக்கத்தையும் தொட்டது. அதே ஆகஸ்டில் பிரிட்டிஷார் புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் பிடித்தார்கள்.) பிரெஞ்சுக் கப்பல்கள் நியூபோர்ட்டுக்கு வந்தன. பிரிட்டிஷ் கப்பல்களை எதிர்க்கக் கடலுக்குள் போய், புயலில் சிக்கிச் சிதைந்து, பழுதுபார்க்க பாஸ்டனுக்குப் போய்விட்டன. அதைப் பார்த்து ஆயிரக்கணக்கான ஊர்ப்படை ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இருந்தது, பயிர் இருந்தது. தளபதி சல்லிவன் பின்வாங்க வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 29. பின்வாங்கும் படையைப் பிரிட்டிஷாரும், அவர்கள் கூலிக்கு அமர்த்திய ஹெஸ்ஸியன் என்கிற ஜெர்மன் வீரர்களும் துரத்தினார்கள். அமெரிக்கர்களின் வலது பக்கம் ஒரு மண் அரணில் கிறிஸ்டோபர் கிரீனின் ஆட்கள் நின்றார்கள். ஆறு மாதத்துக்கு முன்புவரை அவர்களில் பலர் யாரோ ஒருவருடைய சொத்து. ஹெஸ்ஸியன்கள் மூன்று முறை ஏறி வந்தார்கள். மூன்று முறையும் விரட்டப்பட்டார்கள். சல்லிவனின் படை பத்திரமாகத் தீவைவிட்டு வெளியேறியது. நாங்கள் இறங்கிப் பார்த்த நினைவிடம் அந்தப் போர் நடந்த பகுதியில்தான் இருக்கிறது.

1779 அக்டோபரில் பிரிட்டிஷார் தாங்களாகவே நியூபோர்ட்டைக் காலி செய்தார்கள். 1780 ஜூலையில் ரோஷாம்போவின் தலைமையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் அதே துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அடுத்த வருடம் அவர்கள் அங்கிருந்து புறப்பட்டுத்தான் யார்க்டவுன் போனார்கள். 1781 மே மாதம், நியூயார்க் பக்கம் எதிரிகள் நடத்திய திடீர்த் தாக்குதலில் கர்னல் கிரீன் கொல்லப்பட்டார். அவரோடு கறுப்பு வீரர்கள் பலரும் இறந்தார்கள். மிஞ்சியவர்கள், மற்றப் பிரிவோடு சேர்க்கப்பட்ட ரோட் ஐலண்ட் ரெஜிமெண்டில் இருந்தபடி, அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை சரணடைந்ததைக் கண்டார்கள். பின்னாளில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து திப்புவோடு போரிட்டாரே, அதே கார்ன்வாலிஸ்தான்.

1783 ஜூனில் படையைக் கலைத்தார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் சேவை செய்தவர்களை நியூயார்க் மாநிலத்திலேயே விடுவித்துவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது விடுதலை. நிலம் இல்லை, சம்பளப் பாக்கிக்கு அலைய வேண்டியிருந்தது. 1785-ல் ரோட் ஐலண்ட் சட்டசபை ஒரு சட்டம் போட்டது. படையில் சேர்ந்த முன்னாள் அடிமைகளில் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலைக்கு வந்தவர்களை ஊர் நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அது. சட்டமே போடும் அளவுக்கு அவர்கள் நிலைமை வந்துவிட்டது. கௌரவமான ஓய்வூதியத்துக்கு உரியவர்கள் ஏழைகள் நிவாரணத் தலைப்பில் வந்து நின்றார்கள். ஓய்வூதியத்தில் வாழும் எனக்கு அந்த இரண்டு தலைப்புகளுக்கும் உள்ள தூரம் நன்றாகவே தெரியும்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? ரோட் ஐலண்டின் மிகப் பெரிய போர் வீரர் நதானியேல் கிரீன், குவேக்கர் குடும்பத்தில் பிறந்து, நங்கூரம் அடிக்கும் பட்டறையில் வளர்ந்தவர். தெற்கே கார்ன்வாலிஸை அலைக்கழித்துக் களைக்க வைத்தவர் அவர்தான். ஜார்ஜியா மாநிலம் நன்றிக்காக அவருக்கு ஒரு தோட்டம் கொடுத்தது. அவரும் அடிமைகளை வைத்துப் பயிர் செய்தார். காஸ்பியைக் கொளுத்திய ஜான் பிரவுன், போருக்குப் பிறகும் அடிமைக் கப்பல் அனுப்பினார். 1794-ல் வந்த தடைச் சட்டத்தின் கீழ் அவர்மேல் வழக்கு வந்தது, கப்பல் பறிபோனது. அந்த வழக்குக்குப் பின்னால் நின்றவர் அவருடைய சொந்தத் தம்பி மோசஸ் பிரவுன். சாலி கப்பலில் பங்கு வைத்திருந்தவர்தான் அவரும். 1773-ல் மனம் மாறித் தன் அடிமைகளை விடுவித்துவிட்டார். அதே ஊர், அதே வீடு, அதே காலம். ஒருவரால் மாற முடிந்தது. அதனால், 'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்' என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

1784-ல் ரோட் ஐலண்ட் ஒரு படிப்படியான விடுதலைச் சட்டம் கொண்டுவந்தது. அந்த மார்ச் 1-க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டும் விடுதலை. தாய்க்கு இல்லை. அடிமை முறை முழுதாக ஒழிந்தது 1842-ல்.

மனைவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர்கள் எஜமானர்களுக்காகச் சண்டைக்குப் போகவில்லை. சட்டத்தின் கதவு நாலு மாதம் திறந்திருந்தது. வெளியே வர அது ஒன்றுதான் வழி. வெளியே வந்தவர்கள், மற்றவர்கள் வீடு திரும்பிய நாளிலும் அந்த மண் அரணில் நின்றார்கள். அந்த நிலத்தில் சுதந்திரம் என்ற சொல்லுக்கு நேரடி அர்த்தம் வைத்துப் போரிட்டவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இதை அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ அந்த 120 பவுண்டை அவங்க கிட்டல்ல கொடுத்திருக்கணும்?" என்றாள்.

34 வருடம் நான் பார்த்த பில்களில் இப்படி ஒன்று வந்திருந்தால், எல்லாக் கையெழுத்தும் சரியாக இருக்கிறது என்று நானும் பாஸ் செய்து அனுப்பியிருப்பேன்.