மலையகத்துத் தப்பும் ஒலிபெருக்கியின் தாழ்சுருதியும்

ஈழத்து மலையகத்தின் வரலாற்றைக் கோப்பி, தேயிலை, கங்காணி, குடியுரிமை ஆகிய தலைப்புகளின் கீழ் ஆராய்வது மரபாகிவிட்டது. அம்மக்களின் செவியில் விழுந்த ஒலிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு தப்பில் தொடங்கி ஒலிபெருக்கியில் வந்து நிற்கின்றது.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்ட காலத்துக்கு முன்னரே, கோப்பித் தோட்டங்களில் தமிழகத்துத் தொழிலாளர் குடியேறியிருந்தனர். தோட்டங்களில் விடியுமுன் முழங்கிய தப்பு அவர்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. மாசி, பங்குனியில் காமன் கூத்துக்கு உயிரூட்டியதும் அதே தப்பே. அடிமைத்தனத்தின் கட்டளையும் வழிபாட்டின் ஆரவாரமும் ஒரே தோலிலிருந்து பிறந்தன; அதனை முழக்கிய கலைஞனோ சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்டான். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் தொகுப்புகளால் மலையகப் பாடல்களின் சொற்கள் ஏட்டில் நிலைபெற்றன. தப்பின் ஓசை ஏட்டில் அடங்குவதன்று. அதனைக் காப்பது ஒலிப்பதிவும் ஒலிபெருக்கியுமே.

1925ஆம் ஆண்டு இங்கு நினைவுகூரத்தக்கது. அமெரிக்காவில் செஸ்டர் றைஸ், எட்வேர்ட் கெலொக் ஆகியோர் அசையுஞ் சுருள் கொண்ட ஒலிபெருக்கியை அவ்வாண்டில் விளக்கினர். அவ்வாண்டு டிசம்பரிலேயே கொழும்பில் வானொலி ஒலிபரப்பும் தொடங்கியது. பிற்காலத்தில் திரான்சிஸ்டர் வானொலி லயன் காம்பராவுக்குள் புகுந்தது. கோவில் திருவிழாவிலும் தொழிற்சங்கக் கூட்டத்திலும் புனல் வடிவ உலோக ஒலிபெருக்கி முழங்கியது. இவை குரலைத் தெளிவாகச் சுமந்தன. மேளத்தின் அடிநாதத்தைச் சுமக்கவில்லை. காரணம் அலைநீளத்தில் உள்ளது. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வது. எனவே 50 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீற்றர். புனலின் வாய்ச் சுற்றளவு ஓர் அலைநீளத்தை அண்மித்தாலன்றி அவ்வொலியை அது நன்கு வெளியிடாது. அரை மீற்றர் விட்டமுள்ள புனல் ஏறத்தாழ 200 ஹேர்ட்சுக்குக் கீழே வலுவிழந்துவிடும். உள்ளங்கையளவு திரான்சிஸ்டரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது.

தாழ்சுருதிக்கு வேண்டுவது பெருமளவு காற்றை அசைக்கும் ஆற்றல். ஒரே கூம்பு ஒரே வலிமையுடன் ஒலிக்க வேண்டுமாயின், மீடிறன் பாதியாகும்போது அது நான்கு மடங்கு தூரம் முன்பின் அசைதல் வேண்டும். ஆகவே அகன்ற கூம்பும் நெடிது அசையும் சுருளும் இன்றியமையாதன. அவை மட்டும் போதா. கூம்பின் முன்புற ஒலியும் பின்புற ஒலியும் எதிர் அவத்தையின. அவை கலப்பின் தாழ்சுருதி அழியும். பின்புறம் திறந்த தப்பிலும் இதுவே நிகழ்கின்றது. குன்று கடந்து கேட்பது அதன் கூர்மையான அறைதலே. இருபுறமும் தோல் போர்த்த உருமியிலோ காற்று உள்ளே அடைபடுகின்றது. பெட்டியின் தேவையை நம் தோற்கருவிகளே உணர்த்தி நிற்கின்றன எனலாம்.

பின்னொலியை அடக்குவதா, பயன்கொள்வதா என்ற வினாவே பெட்டியின் வரலாறு. 1932இல் உரிமம் பெற்ற ஆல்பேர்ட் துராசின் அமைப்பு, பெட்டியில் துவாரமிட்டுப் பின்னொலியைத் துணையாக்கியது. 1954இல் எட்கர் வில்ச்சர் சிறு மூடிய பெட்டியின் காற்றையே வில்லாக்கினார். அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், றிச்சர்ட் ஸ்மோல் 1970களின் தொடக்கத்திலும் இவற்றைக் கணிதத்துள் கொணர்ந்தனர். கூம்பின் பரிவு மீடிறன், அதன் தணிப்பு அளவு, அதன் தொங்கலுக்கு நிகரான காற்றின் கனவளவு ஆகிய மூன்றையும் அறிந்தால் ஏற்ற பெட்டியைத் தெரியலாம். எனினும் சிறிய பெட்டி, ஆழ்ந்த சுருதி, உயர்ந்த வினைத்திறன் ஆகிய மூன்றும் ஒருங்கே கிட்டா. ஒன்றைத் துறந்தே ஆகவேண்டும்.

மலையகத்தில் இத்தெரிவு இடத்தைப் பொறுத்தது. காமன் கூத்து நிகழும் திறந்த களத்துக்கு அகன்ற கூம்பும் துவாரமிட்ட பெரிய பெட்டியும் பொருந்தும். ஆயின் துவாரம் இசைவிக்கப்பட்ட மீடிறனுக்குக் கீழே காற்று கூம்பைத் தாங்காது. பலத்த அடியில் அது சிதையக்கூடும். ஆதலின் அத்தாழ் ஒலிகளை முன்னரே வடித்து நீக்கல் வேண்டும். சிறிய காம்பராவுக்கு மூடிய பெட்டியே போதும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு வளியமுக்கம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. மூடிய பெட்டியின் காற்றுவில்லும் அவ்வளவுக்குத் தளரும். ஈரக் காற்றில் தளர்ந்த தப்பைக் கலைஞன் தீயில் வாட்டி முறுக்கேற்றுகிறான். காகிதக் கூம்பை அவ்வாறு வாட்ட இயலாது. ஈரத்தைத் தாங்கும் கூம்பைத் தெரிவதே அறிவுடைமை.

தாழ்சுருதி வெறும் ஆடம்பரம் என்பார் உளர். குரலை மட்டும் பெருக்கி மேளத்தைக் கைவிடும் கருவி, பேசியவனை வரலாற்றில் வைத்து முழக்கியவனை நீக்கிவிடுகின்றது. தப்பும் உருமியும் முழுமையாகப் பதிவாகி முழுமையாக ஒலிக்கும்போதுதான், பெயர் எழுதப்படாத அக்கலைஞனின் கை மலையக வரலாற்றில் இடம்பெறும்.