வாயால் அடையாளம் பெற்ற கேமரன் மலைத் தவளை

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள் நம் பெரியவர்கள். கத்தும் தவளையைப் பாம்பு கண்டுபிடித்துவிடும் என்பதே அதன் பொருள். ஆனால் கேமரன் மலையில் ஒரு சின்னஞ்சிறு தவளைக்கு, அதன் வாயே அடையாளம் தேடிக் கொடுத்திருக்கிறது.

தாப்பாவிலிருந்து பழைய சாலையில் மலையேறுவோர் முதலில் காணும் பட்டணம் ரிங்லெட். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். 1929-இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டது. இங்குள்ள தேயிலைத் தோட்டங்கள் உருவானதில் தமிழர்களின் உழைப்பு பெரிது. லயத்து வீடுகளில் படுத்திருந்தவர்களுக்கு இரவில் ஓடைப்பக்கம் கேட்டதெல்லாம் வெறும் தவளைச் சத்தம்தான். அதற்குள் எத்தனை இனங்களின் குரல்கள் கலந்திருந்தன என்பது அறிவியலாளர்களுக்கே வெகுகாலம் தெரியாது.

காரணம் என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தவளைகளுக்குப் பெயரிட்ட ஐரோப்பியர் பலர், அவற்றை உயிரோடு பார்த்ததில்லை. சாராயப் புட்டிகளில் கப்பலேறி வந்த உடல்களை வைத்தே வகை பிரித்தார்கள். புட்டிக்குள் நிறம் வெளுத்துவிடும். குரலோ அறவே இல்லை. ஜாவாவில் இறந்த ஜெர்மானிய ஆய்வாளர் கூல் என்பவரின் பெயர் 1838-இல் ஒரு ஜாவாத் தவளைக்குச் சூட்டப்பட்டது. தாடையில் கோரைப்பல் போன்ற முனை கொண்ட தவளை அது. பின்னர் சீனா முதல் மலாயா, போர்னியோ வரை அதே சாயலில் கிடைத்தவை எல்லாம் 'கூல் தவளை' என்றே எழுதப்பட்டன.

தவளை தன் துணையை இருட்டில் குரலால் அறிகிறது. ஆகவே இனம் பிரிந்தாலும் உருவம் அதிகம் மாற வேண்டியதில்லை. மேலும், குளிர்ந்த மலையில் வாழும் தவளையால் வெப்பமான சமவெளியை எளிதில் கடக்க முடியாது. இதனால் ஒவ்வொரு மலையும் ஒரு தீவாகிவிடுகிறது. பல இலட்சம் ஆண்டுகளில் உறவு அறுந்து இனங்கள் தனித்தனியாகின்றன.

ஒலிப்பதிவும் மரபணுச் சோதனையும் வந்த பிறகே உண்மை வெளிப்பட்டது. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர் மட்சுயி, மலேசிய ஆய்வாளர்களான டைக்கஸ் பெலாபுட், நோர்ஹயாத்தி அகமட், யோங் ஹோய் சென் ஆகியோருடன் சேர்ந்து கேமரன் மலையிலிருந்து ஒரு புதிய இனத்தை அறிவித்தார். ஆண் தவளையின் நீளம் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். உடல் அளவும் குரலும் அதைத் தன் உறவினங்களிலிருந்து பிரித்துக் காட்டின. அதற்கு இட்ட பெயர் 'கெச்சில்'. மலாயில் சிறியது என்று பொருள்.

மறு ஆண்டே 'கூல் தவளை' என்ற ஒற்றைப் பெயருக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மரபுக் கிளைகள் மறைந்திருப்பதை மெக்லியோட் என்ற அமெரிக்கர் காட்டினார். 2014-இல் தீபகற்ப மலேசியாவின் 'கூல் தவளை'களிலிருந்து ஊத்தாரா, செலாத்தான் என இரு புதிய இனங்கள் பிரிக்கப்பட்டன. வடக்கு, தெற்கு என்பதே அப்பெயர்களின் பொருள்.

பெயர் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நாடு நாடாகப் பரவிய ஒரே இனம் என்று எண்ணியவரை, கூல் தவளைக்கு ஆபத்தில்லை என்றே உலகப் பட்டியலில் குறிக்கப்பட்டது. பிரித்துப் பார்த்தால், சில இனங்களுக்குச் சொந்தமான இடம் ஓரிரு மலைகளே. அந்தக் காடு போனால் இனமே போய்விடும்.

இன்னொரு தேயிலை நாடான இலங்கை இதற்குச் சாட்சி. அங்கே நூறுக்கும் மேற்பட்ட மரத்தவளை இனங்கள் இருக்கலாம் என 2002-இல் மேகஸ்கும்புர குழுவினர் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. ஆனால் பழைய அருங்காட்சியகப் புட்டிகளில் இருந்த பத்துக்கும் மேற்பட்ட இனங்களை உயிரோடு காண முடியவில்லை. காப்பிக்கும் தேயிலைக்கும் காடு அழிந்தபோது, அவை எண்ணப்படாமலே மறைந்தன. 1853-க்குப் பின் காணப்படாத ஒன்று 2009-இல் சிவனொளிபாத மலைக் காட்டில் மீண்டும் கிடைத்தது. அத்தகைய அதிர்ஷ்டம் எல்லாவற்றுக்கும் வாய்க்கவில்லை.

கேமரன் மலையிலும் சரிவுகள் வெட்டப்பட்டுக் காய்கறித் தோட்டங்கள் பெருகின. 1963-இல் முடிக்கப்பட்ட அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேரும் வண்டல், மேலே மண் எவ்வளவு கரைகிறது என்பதைச் சொல்கிறது. அந்த நீர்த்தேக்கத்துக்கு வரும் ஓடைகளில்தான் தலைப்பிரட்டைகளும் வளர வேண்டும்.

தவளை தன் பங்குக்குக் குரல் கொடுத்துவிட்டது. அந்த ஓடைகளைத் தெளிவாக வைத்திருப்பது மனிதரின் கையில் இருக்கிறது.